கட்டுமரத்துக்கு ஒரு கூடம்

மெரினாக் கடற்கரையின் தென்பகுதியில், கலங்கரை விளக்கத்தை அடுத்து லூப் சாலையை ஒட்டி அமைந்திருக்கும் நொச்சிக்குப்பம், சென்னையின் பல காட்சியகங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு மீனவர் ஊராகும். வடக்கே காமராசர் சாலையில் விவேகானந்தர் இல்லம் நிற்கிறது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842ஆம் ஆண்டில் கட்டப்பட்டு, 1897இல் விவேகானந்தர் தங்கிச் சொற்பொழிவாற்றிய அந்த ஐஸ் ஹவுஸ் கட்டடம், இன்று அவருடைய வாழ்வைச் சொல்லும் நிலையான கண்காட்சிக்கு இடமாகியிருக்கிறது. தெற்கே சாந்தோம் தேவாலய வளாகத்தில், புனித தோமையாரின் மரபோடும் போர்த்துக்கீசியர் காலத்தோடும் தொடர்புடைய பொருட்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. வடக்கே மேலும் தள்ளிப் புனித ஜார்ஜ் கோட்டையில் கம்பெனி ஆட்சியின் வாள்களும் நாணயங்களும் உருவப்படங்களும் இருக்கின்றன. எழும்பூரில் தென்னிந்தியா முழுமைக்குமான அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. துறவிக்கும் அப்போஸ்தலருக்கும் ஆளுநருக்கும் சோழர்காலச் சிற்பிக்கும் இடமளித்த இந்த நகரம், தான் தோன்றுவதற்கு முன்பிருந்தே அந்த மணலில் வலை உலர்த்திவந்த மக்களின் வரலாற்றுக்கென இன்னும் ஒரு கூடத்தை ஒதுக்கவில்லை. அந்தக் கூடம் எப்படி இருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்ப்பதற்கு, அருங்காட்சியகம் ஒரு பொருளை எப்படித் தெரிந்தெடுக்கிறது, எப்படிக் காக்கிறது, எப்படிப் பேசவைக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது நலம்.

காட்சியகங்களில் பார்வையாளர் காண்பது எப்போதும் ஒரு சிறு பகுதியையே. எந்தப் பெரிய அருங்காட்சியகத்திலும் சேகரிப்பின் பெரும்பங்கு இருப்பறைகளில் இருக்க, அதிலிருந்து தெரிந்தெடுத்த சிலவே கூடத்துக்கு வருகின்றன. ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருப்பது நிலைக்காட்சி. ஒரு பொருள்பற்றிச் சில வாரங்களோ மாதங்களோ நடத்தப்பட்டுப் பின் கலைக்கப்படுவது தற்காலிகக் கண்காட்சி. தெரிந்தெடுப்பதும், அடுக்குவதும், ஒவ்வொன்றின் அருகிலும் இரண்டு வரி விளக்கம் எழுதுவதும் காப்பாட்சியர் எனப்படும் அலுவலரின் பணியாகும். ஆகவே, ஒரு கண்காட்சி எவ்வளவு நடுநிலையாகத் தோன்றினாலும், அதற்குப் பின்னால் யாரோ ஒருவர் இது முக்கியம், அது முக்கியமல்ல என்று தீர்மானித்திருக்கிறார் என்பதை மறக்கலாகாது. கலைக்கூடத்துக்கும் உள்ளூர் வரலாற்றுக் காட்சியகத்துக்கும் உள்ள வேறுபாடும் இத்தீர்மானத்தில்தான் தெரியவருகிறது: முன்னது ஒரு பொருளை அதன் வேலைப்பாட்டுக்காகத் தேர்கிறது; பின்னது, எவ்வளவு சாதாரணமான பொருளாயினும், அதைக் கையாண்ட மக்களின் வாழ்க்கையை அது சொல்லும் என்பதற்காகத் தேர்கிறது.

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தொடக்கமே இதற்கு நல்ல சான்று. சென்னை இலக்கியக் கழகம் தன்னிடமிருந்த ஏறத்தாழ 1,100 நிலவியல் மாதிரிகளை அரசுக்கு அளிக்க முன்வந்ததன் பேரில், எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவரின் பொறுப்பில் 1851ஆம் ஆண்டில், நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையிலிருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தின் மாடியில் அது திறக்கப்பட்டது. 1854இல் எழும்பூரிலுள்ள பாந்தியன் மாளிகைக்கு மாற்றப்பட்டது. கல்லும் கனிமமும் மட்டும் இருந்தால் மக்கள் வரமாட்டார்கள் என்பதை விரைவில் உணர்ந்த பால்ஃபர், அடுத்த ஆண்டே அங்கு உயிருள்ள விலங்குகளையும் வைக்கத் தொடங்கினார். அந்தச் சேகரிப்பே பின்னர் மக்கள் பூங்காவுக்குப் பெயர்ந்து நகரின் உயிரியல் பூங்காவாயிற்று. கல்லூரிக் கட்டடத்தில் தொடங்கியதனால் ஒட்டிக்கொண்ட பெயரைச் சென்னை மக்கள் விடவில்லை. பாடம் செய்த விலங்குகளும் எலும்புக்கூடுகளும் இருந்த அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், விலங்குகள் உலவிய பூங்காவை ‘உயிர் காலேஜ்’ என்றும் அவர்கள் பல தலைமுறை அழைத்துவந்தனர். காணும் பொங்கலன்று வண்டிகட்டி வந்து இரண்டு காலேஜையும் பார்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போவது சென்னையின் பழைய வழக்கம். படித்தவர்களின் கழகம் ஒன்று தொடங்கிய நிறுவனத்துக்கு எளிய மக்கள் இட்ட இப்பெயர்கள், அருங்காட்சியகவியல் நூல்கள் நீட்டி விளக்கும் ஒரு சிக்கலை இரண்டிரண்டு சொல்லில் சொல்லிவிடுகின்றன. பொருள் கூடத்துக்குள் வரும்போது அதன் உயிர் வெளியே நின்றுவிடுவதுதான் அந்தச் சிக்கல்.

பொருளைக் காப்பதில் எழும்பூர் அருங்காட்சியகம் பெற்றிருக்கும் அனுபவம் கடற்கரையில் எழப்போகும் எந்தக் கூடத்துக்கும் நேரடியாகப் பயன்படக்கூடியது. மண்ணுக்கடியில் பல நூற்றாண்டு கிடந்து மீட்கப்பட்ட செப்புத்திருமேனிகளின் மேல், மண்ணிலிருந்த உப்பு உலோகத்தோடு சேர்ந்து குளோரைடு என்னும் சேர்மமாகப் படிந்திருக்கும். காற்றின் ஈரம் பட்டதும் அந்தச் சேர்மம் மீண்டும் வினைபுரியத் தொடங்கி, வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்து, உலோகத்தை உள்ளிருந்தே அரித்துவிடும்; இதனை வெண்கல நோய் என்பர். இந்நோய்க்கு மருத்துவம் பார்ப்பதற்காக 1930ஆம் ஆண்டில் எழும்பூரில் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் ஒன்று தொடங்கப்பட்டது. அங்கு எஸ். பரமசிவன் கையாண்ட முறைப்படி, திருமேனியைக் காரக் கரைசலில் அமிழ்த்தி, அதனை மின்சுற்றின் எதிர்மின்முனையாக்கி, மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினால், உப்பின் கூறு உலோகத்தை விட்டுக் கரைசலுக்குள் இழுக்கப்படும்; கரைசலை மாற்றி மாற்றி, உப்பு முற்றிலும் நீங்கும்வரை இதைத் தொடர வேண்டும். கூடத்தில் விளக்கொளியில் நிற்கும் நடராசரைக் கண்டு நெகிழ்பவர்கள், அந்தத் தொட்டியருகே பொறுமையோடு காத்திருந்தவர்களையும் ஒரு கணம் நினைப்பது தகும். காட்டும் முறையே கேடாக முடிந்த நிகழ்வுகளும் உண்டு. அமராவதித் தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த அருங்காட்சியகத்தின் சுவரோடு சேர்த்துப் பூசிப் பதிக்கப்பட்டன. பார்வைக்கு அது ஒழுங்காகத் தோன்றியபோதிலும், சுவரின் ஈரமும் உப்பும் கல்லுக்குள் ஏறிப் பிற்காலத்தவர்க்குப் பெருந்தொல்லையாயிற்று. உப்புக்காற்று நாள்முழுதும் வீசும் நொச்சிக்குப்பத்தில் இரும்புக் கொக்கியையோ ஈயக்குண்டையோ காட்சிக்கு வைக்க நினைப்பவர் முதலில் கற்கவேண்டிய பாடம் இதுவே.

கோட்டை அருங்காட்சியகத்துக்கும் நொச்சிக்குப்பத்துக்கும் பலர் அறியாத ஓர் உறவு உண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் 1948 சனவரி 31 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகம் இயங்கும் கட்டடம், 1795இல் வணிகர்கள் கூடும் பரிமாற்றகமாகக் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கூரைமேல்தான் 1796ஆம் ஆண்டில் சென்னையின் முதல் கலங்கரை விளக்கு ஏற்றப்பட்டது. பின்னர் 1844இல் உயர்நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கும் கல்தூணுக்கும், 1894இல் உயர்நீதிமன்றக் கட்டடத்தின் குவிமாடத்துக்கும் இடம்மாறிய அவ்விளக்கு, 1977 சனவரியில் மெரினாவின் தென்பகுதிக்கு வந்துசேர்ந்தது. நொச்சிக்குப்பத்தின் மேல் இரவுதோறும் சுழலும் ஒளி, ஆக, ஓர் அருங்காட்சியகத்தின் மாடியிலிருந்து புறப்பட்டு நான்கு இடம் கண்ட ஒளியாகும்.

அதே கோட்டை அருங்காட்சியகத்தில் தாமஸ் டேனியல் முதலியோர் வரைந்த பழைய சென்னைக் காட்சிகளின் அச்சுப்படங்கள் உள்ளன. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் சென்னையைப் படமாக்கிய ஐரோப்பிய ஓவியர்களுக்கு மிகவும் பிடித்த காட்சி, துறைமுகம் இல்லாத இந்தக் கரையில் அலையைக் கடந்து படகுகள் வந்துசேர்வதுதான். கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகளும் சரக்கும் மசூலாப் படகுகளில் கரைக்குக் கொண்டுவரப்பட்டனர். ஆணி ஒன்றுகூட இல்லாமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்யப்பட்டதால், அலை தூக்கித் தரையில் மோதும்போது அந்தப் படகு பிளக்காமல் வளைந்துகொடுத்தது. ஆணியடித்த ஐரோப்பியப் படகுகள் அதே அலையில் சிதறின. படகு கவிழ்ந்தால் பயணிகளைக் காப்பாற்றுவதற்காகக் கட்டுமரக்காரர்கள் உடன் சென்றனர். கரைக்கும் கப்பலுக்குமிடையே கடிதம் கொண்டுசேர்த்தவர்களும் அவர்களே. மரத்தின் மேல் அலை புரண்டு உடல் முழுதும் நனைந்தாலும், ஓலையால் நெருக்கி முடைந்து தலையில் இறுக அணிந்த கூம்புத்தொப்பிக்குள் வைத்த கடிதம் நனையாமல் போய்ச் சேர்ந்தது. படங்களில் கப்பலின் பெயர் உண்டு, கோட்டையின் பெயர் உண்டு, ஓவியரின் கையொப்பம் உண்டு. துடுப்பு வலித்தவர்களும் தொப்பியணிந்தவர்களும் முன்னணியில், எல்லோர்க்கும் அருகில், பெயரில்லாமல் நிற்கின்றனர். ஒரு பேரரசின் அஞ்சலைச் சுமந்த அந்த ஓலைத்தொப்பி ஒன்றை முடைந்து காட்டவும் சொல்லவும் இடமுண்டானால், பீரங்கிக்கு நிகரான வரலாற்றுச் சான்றாக அது விளங்கும் என்பதில் ஐயமில்லை.

கடலை நகரத்தார்க்குக் காட்டும் முயற்சி மெரினாவில் முன்பே நடந்திருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டனின் திட்டப்படி, 1909ஆம் ஆண்டில் இக்கடற்கரையில் கடல்வாழ் உயிரினக் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. கண்ணாடித் தொட்டிகளில் வண்ணமீன்களையும் கடற்பாம்புகளையும் உயிரோடு காண நகர மக்கள் அங்கே திரண்டனர். பின்னர் மீன்துறையிடம் ஒப்படைக்கப்பட்ட அது, இரண்டாம் உலகப் போரின்போது மூடப்பட்டு மறைந்தது. அந்த மீன்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், சோழமண்டலக் கடற்கரையின் படகுகளையும் வலைகளையும் ஊர் ஊராகச் சென்று அளந்து, வரைந்து, 1920களில் விரிவாக எழுதிவைத்தார். இன்று ஒரு கட்டுமரத்தின் அளவுகளையோ, பருத்தி வலையின் கண்ணளவையோ அறிய விரும்பும் ஆய்வாளர் அவருடைய அறிக்கைகளைத்தான் தேடிப் போகிறார். ஹார்னெலின் உழைப்பு போற்றத்தக்கது. ஆயினும் கேட்டு எழுதியவரின் பெயர் நூலட்டையில் நிலைத்திருக்க, சொல்லிக்கொடுத்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லாமற்போயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உலகமொழிகள் பலவற்றில் ‘கட்டமரான்’ என்று வழங்கும் சொல்லைக் கொடுத்தது தமிழ்தான் என்பதை எல்லோரும் பெருமையோடு குறிப்பிடுகின்றனர். ஆனால் அந்தப் பெயரால் இன்று உலகம் அழைப்பது இரட்டை உடல்கொண்ட விரைவுப் படகை. கட்டுமரமோ முற்றிலும் வேறானது. எடைகுறைந்த மரத்துண்டுகள் சிலவற்றை, நடுவில் உள்ளது தாழ்ந்தும் ஓரத்தில் உள்ளவை உயர்ந்தும் இருக்குமாறு செதுக்கி அடுக்கி, முன்னும் பின்னும் கயிற்றால் வரிந்து கட்டியதே அது. தண்ணீர் அதற்குள் புகுந்து தேங்குவதில்லை. மரங்களுக்கிடையே வந்த வழியே போய்விடுகிறது. ஆகவே மூழ்கடிக்க முடியாத கலம் என்று அதைச் சொல்லலாம். மரம் நீரை உறிஞ்சிக் கனத்துப்போகாமலிருக்க, கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலரவைப்பார்கள். மறுநாள் விடியுமுன் மீண்டும் கட்டுவார்கள். கண்காட்சி அமைப்பவர் இங்கே நின்று யோசிக்க வேண்டும். அழகாகக் கட்டி, மெருகேற்றி, கண்ணாடிக்குப் பின்னே நிறுத்தப்பட்ட கட்டுமரம் பாதிச் செய்தியையே சொல்லும். கட்டுவதும் அவிழ்ப்பதும் சேர்ந்தால்தான் அது முழுப்பொருளாகும். கயிறு எந்தப் பக்கத்திலிருந்து சுற்றத் தொடங்குகிறது, எங்கே காலை ஊன்றி இழுத்து இறுக்குகிறார்கள், எந்த முடிச்சு ஈரத்தில் இறுகி ஒரே இழுப்பில் அவிழும் என்பவை கைக்குத் தெரிந்தவை. அந்தக் கைகள் இப்போது முதுமை அடைந்துவிட்டன. வெளிப்பொருத்து எஞ்சினும் கண்ணாடியிழைப் படகும் முன்பே வரத் தொடங்கியிருந்தன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவில் வழங்கப்பட்டதோடு, கட்டுமரம் இந்தக் கரையில் அருகிப்போயிற்று. மீனவர்க்கு அது நட்டம் என்று வெளியார் இரங்குவது பொருத்தமாகாது. எஞ்சின் படகு அவர்களின் உழைப்பைக் குறைத்து, தொலைவைக் கூட்டித் தந்திருக்கிறது. நட்டம் அறிவு சார்ந்தது, அதைப் பதிந்துவைக்கும் கடமை மீனவர்க்கு மட்டும் உரியதன்று.

பொருளாக வைக்க முடியாத அறிவு இந்தக் கரையில் இன்னும் மிகுதி. வடக்கிலிருந்து வீசுவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்னல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கையும் தென்மேற்கையும் சார்ந்தது கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்ததோடு நில்லாமல், அந்தந்தக் காற்றில் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், வலை எப்படிக் கிடக்கும், எந்த மீன் கரையோரம் வரும் என்பதையும் மீனவர்கள் சேர்த்தே அறிந்திருக்கின்றனர். கரையிலுள்ள இரண்டு அடையாளங்கள், ஒரு தேவாலயக் கூம்பும் அதற்குப் பின்னாலுள்ள உயர்ந்த கட்டடமும் என்று வைத்துக்கொள்ளலாம், ஒரே நேர்கோட்டில் தெரியும் இடத்தையும், வேறு திசையில் வேறிரண்டு அடையாளங்கள் நேர்கோட்டில் தெரியும் இடத்தையும் இணைத்து, நடுக்கடலில் நீருக்கடியில் இருக்கும் பாறைத்திட்டாகிய ‘பார்’ எங்கே என்று கண்டுபிடிக்கும் முறை தமிழகக் கடற்கரை நெடுகிலும் வழங்கிவந்தது. செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவி கைக்கு வந்தபின் இளையவர்க்கு அது தேவைப்படவில்லை. கூடத்தின் ஒரு சுவர் முழுதும் கடலிலிருந்து பார்த்தால் தெரியும் சென்னையை வரைந்து, எந்தக் கட்டடம் எந்தப் பாருக்கு அடையாளம் என்பதைக் குறித்துக் காட்டினால், கடற்கரைக்கு வந்து கடலைப் பார்த்தே பழகிய நகரத்தார், கடலிலிருந்து தம் நகரம் எப்படித் தெரியும் என்பதை முதன்முறையாகக் காண்பார்கள். ஓவியரும் மீனவரும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை இது. உள்ளூர் வரலாறும் கலைக்கூடமும் ஒரே சுவரில் சந்திக்கும் இடமும் இதுவே.

கலை கடற்கரைக்குப் புதியதன்று. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக 1930 முதல் 1957 வரை இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959இலிருந்து மெரினாவில் நிற்கிறது. அவர் மாணவரும் அவருக்குப் பின் முதல்வராக இருந்தவருமான கே. சி. எஸ். பணிக்கர், 1966இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். அடையாற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே ஊரூர் ஆல்காட் குப்பத்தில், பாடகர் டி. எம். கிருஷ்ணா, எழுத்தாளர் நித்தியானந்த் ஜெயராமன் முதலியோரும் ஊர் மக்களும் சேர்ந்து 2015ஆம் ஆண்டில் தொடங்கிய விழா, சபா அரங்குக்குள் இருந்த கலையை மீனவர் ஊருக்குக் கொண்டுவந்தது. ஊரைக் கலை தேடி வரலாம் என்பதை இவை காட்டின. ஊர் தன்னைத்தானே காட்சிப்படுத்திக்கொள்வது அடுத்த படி.

அந்த அடுத்த படியை உலகில் வேறு சிலர் எடுத்துவைத்திருக்கின்றனர். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் கறுப்பின மக்கள் வாழ்ந்த அனகோஸ்டியா பகுதியில், மூடிக்கிடந்த ஒரு திரையரங்கில் 1967ஆம் ஆண்டு அக்கம்பக்கத்தார்க்கான அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. ‘உங்கள் வாழ்க்கையில் எதைக் காட்ட வேண்டும்’ என்று ஆராய்ந்ததன் பயனாக, 1969இல் அங்கே எலித்தொல்லை பற்றி ஒரு கண்காட்சி நடந்தது. அப்பகுதிக் குழந்தைகளை இரவில் கடித்த எலிகளைப் பற்றிப் பேசத் துணிந்த அக்கண்காட்சியை அருங்காட்சியகவியல் மாணவர்கள் இன்றும் படிக்கின்றனர். அதைவிட நெருக்கமாக நொச்சிக்குப்பத்துக்குப் பொருந்துவது தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரிலுள்ள டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம். அங்குக் கலந்து வாழ்ந்துவந்த மக்களை, அப்பகுதியை 1966இல் வெள்ளையர்க்கு உரியதென அறிவித்த நிறவெறி அரசு, 60,000 பேருக்கு மேல் வெளியேற்றி வீடுகளை இடித்துத் தள்ளியது. 1994இல் ஒரு பழைய தேவாலயத்தில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தின் தரை முழுதும் அப்பகுதியின் வரைபடம் விரிக்கப்பட்டது. முன்னாள் குடிகள் வந்து, தங்கள் வீடும் கடையும் இருந்த இடத்தைத் தங்கள் கையாலேயே எழுதினார்கள். அங்கே காப்பாட்சியர் எழுதாத விளக்கக் குறிப்புகளே மிகுதி. இடிக்கப்பட்ட தெரு, நடந்து பார்க்கத்தக்க தெருவாக மீண்டது.

சென்னைக் கடற்கரைக்கும் அத்தகைய வரைபடம் ஒன்று வேண்டும், ஏனெனில் இந்த மணல் மாறாத மணலன்று. 1870களில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீளத் தொடங்கியதும், தெற்கிலிருந்து வடக்கு நோக்கி அலையோடு நகரும் மணல் அங்கே தடைப்பட்டுத் தேங்கியது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்ட நாளில் கடல் அதற்கு வெகு அருகில் இருந்தது. 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாச்சாலை அமைத்து மெரினா என்று பெயரிட்டபின், கடற்கரை நகரத்தார்க்குக் காற்று வாங்கும் இடமாகவும் மீனவர்க்குத் தொழிற்களமாகவும் ஒரே நேரத்தில் ஆயிற்று. அந்த இரண்டு பார்வைகளும் மோதிய நிகழ்வுகளை எந்த உண்மையான உள்ளூர் வரலாறும் ஒதுக்க முடியாது. கடற்கரையை அழகுபடுத்துவதற்காகப் படகுகளையும் வலைகளையும் அகற்ற 1985ஆம் ஆண்டில் எடுத்த முயற்சியை மீனவர்கள் எதிர்த்தனர். துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. பழந்தமிழ்ப் புறத்திணை மரபில் மதிலைக் காத்து நின்று போரிடுவோர் சூடும் பூ நொச்சி என்பது இந்த ஊர்ப்பெயரோடு தற்செயலாகவே பொருந்தி நிற்கிறது. அண்மையில், லூப் சாலையோரத்தில் பல ஆண்டுகளாக மீன் விற்றுவந்தவர்களைப் பற்றிய வழக்கு 2023இல் உயர்நீதிமன்றத்தில் எழுந்தது. 2024 ஆகஸ்டில் 366 கடைகளோடு நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. வஞ்சிரமும் சங்கராவும் நெத்திலியும் சாலையோரத்துப் பலகையிலிருந்து ஓடு பதித்த மேடைக்கு ஏறிய இந்த மாற்றமும் வரலாறுதான். பழைய பலகை ஒன்றையும், அதன்மேல் வைத்து மீன் அரிந்த அரிவாள்மனை ஒன்றையும், அதை வைத்துக் குடும்பத்தை நடத்திய பெண்ணின் குரற்பதிவையும் இப்போதே சேர்த்துவைத்தால், ஐம்பதாண்டு கழித்து அவை கிடைக்காத செல்வமாக இருக்கும். ஏலம் எடுப்பதிலிருந்து வீடுவீடாகக் கூடை சுமப்பது வரை, மீன் கரை சேர்ந்தபின் நடக்கும் வாணிகம் பெரும்பாலும் பெண்களின் கையில் இருந்தும், பழைய சேகரிப்புகளில் கலமும் வலையும் இருக்கும் அளவுக்குக் கூடையும் தராசும் இல்லை என்பதைக் கருதும்போது இதன் தேவை இன்னும் கூடுகிறது.

இத்தகைய கூடத்துக்குப் பெருங்கட்டடம் வேண்டியதில்லை, பதிவேடு வேண்டும். சேர்க்கைப் பதிவேடு எனப்படும் அந்த ஏட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் இட்டு, அதைத் தந்தவர் யார், எங்கே எப்போது பயன்பட்டது, எந்தப் பெயரால் அழைத்தார்கள், கொடையா இரவலா என்பதை எழுத வேண்டும். இந்தப் பதிவு இல்லாத பொருள் எவ்வளவு பழையதாயினும் ஊமைப்பொருள். ஒரு பருத்தி வலையை எடுத்துக்கொள்ளலாம். ‘மீன்வலை, பருத்தி, 20ஆம் நூற்றாண்டு’ என்று நான்கே சொல்லில் எழுதி மாட்டினால் பார்வையாளர் நிற்காமல் கடந்துபோவார். அதே வலையின் அருகில், இது நைலான் வருமுன் வீட்டுத் திண்ணையில் கையால் முடிச்சிட்டுப் பின்னியது என்பதையும், உப்புநீரில் மக்காமலிருக்க மரப்பட்டைச் சாற்றில் தோய்த்ததால் ஏறிய செம்பழுப்பு நிறம் இது என்பதையும், ஒவ்வொரு நாளும் கழுவி உலர்த்தாவிட்டால் சில வாரங்களில் இற்றுப்போகும் என்பதையும், கண்ணின் அகலம் இந்த மீனுக்கென்றே அளந்தது என்பதையும், பின்னியவரின் பெயரையும் எழுதினால், அவர் நின்று, குனிந்து, முடிச்சை உற்றுப் பார்ப்பார். எழுத்து பெரியதாகவும், நிற்பவரின் கண்ணுக்கும் சக்கரநாற்காலியில் வருபவரின் கண்ணுக்கும் எட்டும் உயரத்திலும் இருக்க வேண்டும். சொற்கள் கரையில் வழங்கும் சொற்களாகவே இருக்க வேண்டும். தேவைப்பட்டால் பக்கத்தில் பொருள் சொல்லலாமேயன்றி, ‘பெரியவலை’ என்று ஊர் சொல்வதைக் ‘கரைசார் இழுவை வலை’ என்று திருத்துவது வரலாற்றுக்குச் செய்யும் உதவியாகாது.

ஒளியையும் கணக்கிட வேண்டும். துணியும் தாளும் நீர்வண்ண ஓவியமும் கடும் வெளிச்சத்தில் நிறமிழந்துவிடுமாதலால், 50 லக்ஸ் அளவுக்கு மேல் ஒளி படக்கூடாது என்பது உலக அருங்காட்சியகங்களின் பொது வழக்கம். ஒளிநிழல் விளையாடும் ஒரு நடைக்கூடத்தைவிட மிகவும் மங்கலான அளவு இது. கடலோரத்தில் சன்னலைத் திறந்துவைத்தால் ஒளியோடு உப்பும் வரும், மூடினால் ஈரம் புழுங்கும். ஆகவே எளிதில் கெடும் பொருட்களைச் சில மாதங்களுக்கொருமுறை மாற்றிவைத்து, மற்ற நேரத்தில் உலர்ந்த பெட்டியில் ஓய்வெடுக்க விடுவதே சிறிய காட்சியகங்களுக்கு ஏற்ற வழி. தற்காலிகக் கண்காட்சி என்பது இவ்வகையில் வசதிக்குறைவு அன்று, பாதுகாப்பு முறையே ஆகும். மேலும், புயல்காலத்தில் ஒன்று, கோயில் திருவிழாக் காலத்தில் ஒன்று, ஆண்டுதோறும் கோடையில் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை நிலவும் நாட்களில் ஒன்று என்று காட்சிகளை மாற்றி அமைத்தால், ஊர்க்காரரும் மீண்டும் மீண்டும் உள்ளே வருவார்கள்.

உலக அருங்காட்சியகக் குழுமம் 2022இல் ஏற்றுக்கொண்ட புதிய வரையறை, அருங்காட்சியகங்கள் சமூகங்களின் பங்கேற்போடு இயங்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. பங்கேற்பு என்பது திறப்புவிழாவில் நாற்காலி போட்டு உட்காரவைப்பதாக முடிந்துவிடக்கூடாது. எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது, துயரமான நிகழ்வை எந்தச் சொல்லால் எழுதுவது என்னும் தீர்மானங்களில் ஊராரின் சொல்லே கடைசிச் சொல்லாக இருக்க வேண்டும். எழும்பூரின் வேதியியல் அறிவும், ஓவியக் கல்லூரியின் கைத்திறனும், மாநகராட்சியோ மீன்வளத் துறையோ தரக்கூடிய இரண்டு அறைகளும் அந்தத் தீர்மானத்துக்குத் துணைநிற்கலாம். புதிய மீன் அங்காடிக்கு நாள்தோறும் வரும் மக்களே முதல் பார்வையாளராகலாம்.

கூடம் எழும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலை உண்டு. நொச்சிக்குப்பத்திலும், அதை அடுத்த நடுக்குப்பம், அயோத்திக்குப்பம், முள்ளிக்குப்பம், டுமீங்குப்பம், சீனிவாசபுரம் ஆகிய ஊர்களிலும், பழைய துடுப்போ, வலை பின்னும் ஊசியோ, மரமிதவையோ, கட்டுமரத்தின் ஒற்றைத் துண்டோ, ஆழிப்பேரலையில் தப்பிய ஒரு நிழற்படமோ வைத்திருப்பவர்கள், அதை அடுப்புக்கோ பழைய சாமான் கடைக்கோ போடுமுன் ஒரு தாள் எடுத்து, அது எதற்குப் பயன்பட்டது என்பதையும் தங்கள் வாய்ப்பேச்சில் அதற்குள்ள பெயரையும் எழுதி அதோடு கட்டிவைக்க வேண்டும். எழுதத் தெரியாத பெரியவர்கள் சொல்ல, பள்ளிக்குச் செல்லும் பேரப்பிள்ளைகள் எழுதலாம். தாளின் முதல் வரியில், அதைக் கையில் பிடித்து வேலை செய்தவரின் பெயர் இருக்கட்டும்.